முன்பக்கத்து நம்பர்

அந்த வண்டியின் முன்பக்கத்தில் நம்பர் பிளேட் வைக்க இடமே கிடையாது. மூக்கு தரையை நோக்கிச் சரிந்துபோய் உதடு மாதிரி முடிந்துவிடும். நடுவில் காற்றுப் போவதற்கு ஒரு நீள வாய். அதற்கு மேலே கையகலத்துக்கு ஒரு வளைவு. அவ்வளவுதான். செய்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். அவர்கள் ஊரில் நம்பரை எங்கே மாட்டுவார்களோ எனக்குத் தெரியாது. மந்தாரக்குப்பத்தில் மாட்டியவன் நான்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அதன் பிறகு எந்த ஊரிலும் ஒரு வருடம் சேர்ந்தாற்போல இருந்ததில்லை. திருப்பூரில் சாயப்பட்டறை, கோட்டயத்தில் பரோட்டாக் கல், பெல்லாரிப் பக்கம் போர்வெல் லாரி. போர்வெல் லாரியில் இடது கைச் சுண்டுவிரலின் நுனி போனது. அதோடு அந்த வேலையும் போனது. அம்மா இறந்ததற்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகும்போது மந்தாரக்குப்பத்தில் டீ குடித்தேன். எதிரே ஒரு ஸ்டிக்கர் கடை வாசலில் 'ஆள் தேவை' என்று எழுதியிருந்தது. எழுத்துகள் கோணலாக இருந்தன. இதைவிட நான் நன்றாக எழுதுவேன் என்று தோன்றியது. பஸ் வந்தது, நான் ஏறவில்லை. அந்தக் கடையில் இரண்டு வருடம் எட்டு மாதம் இருந்தேன். என்னைப் பொறுத்தவரை அது ஒரு ஆயுள்.

கடை ஒரு அக்காவுடையது. அவர் வீட்டுக்காரர் ஆரம்பித்தது. அவர் போன பிறகு அக்கா நடத்தினார். கண்ணாடியில் சாமி படம் ஒட்டுவது, டேங்க் மேல் பிள்ளைகள் பெயர் எழுதுவது எல்லாம் உண்டு. ஆனால் சோறு போட்டது நம்பர் பிளேட்தான். நிலக்கரிச் சுரங்கத்துக்கும் அனல் மின் நிலையத்துக்கும் ஓடும் ஒப்பந்த வண்டிகள், ஆள் ஏற்றும் வேன்கள், தண்ணீர் டேங்கர்கள், ஜீப்புகள் எல்லாம் எங்களிடம் வரும்.

எங்கள் ஊர் ரோட்டில் சாதாரண முக்கால் இன்ச் ஸ்க்ரூ நிற்காது. டிப்பர் லாரிகள் ஓடி ஓடி ரோடு முழுக்கக் குழி. வண்டி ஆடுகிற ஆட்டத்தில் ஒரு மாதத்துக்குள் பிளேட் கழன்று எங்கேயாவது விழுந்துவிடும். நம்பர் இல்லாத வண்டியை கேட்டில் உள்ளே விடமாட்டார்கள். அன்றைய டூட்டி போய்விடும். டிரைவர் நேராகக் கடைக்கு வந்து நின்றுகொண்டு அம்மா அக்கா என்று திட்டுவார். அதனால் அக்காவின் வீட்டுக்காரர் காலத்திலிருந்தே எங்களிடம் இரண்டு இன்ச் ஸ்க்ரூதான். ரப்பர் புஷ் வைத்து ஆழமாக இறக்கிவிடுவோம். விருத்தாசலத்தில் மாட்டினால் விழும், மந்தாரக்குப்பத்தில் மாட்டினால் விழாது என்று டிரைவர்கள் சொல்வார்கள். நான் கற்றுக்கொண்ட தொழில் என்று ஒன்று உண்டென்றால் அதுதான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்த வெளிநாட்டுக் காரின் சொந்தக்காரர் எனக்குப் புதியவர் இல்லை. வளையமாதேவிப் பக்கம் அவர்கள் வீட்டுக் கழனியில்தான் என் அம்மா நாற்று நட்டாள், களை எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் அவர் எனக்கு இரண்டு வகுப்பு மேலே. அந்த நிலம் சுரங்கத்துக்குப் போனபோது அவர்களுக்குப் பணம் வந்தது. நட்டவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் தருவார்கள். அதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அந்தச் சமயத்தில் நான் கோட்டயத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

வந்த பணத்தைக் கூடப் பிறந்தவர்கள் பிரித்துக்கொண்டார்கள். அவருடைய பங்கில் பாதி, மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு எடுத்து உட்கார்ந்து சாப்பிட்டதில் போனது. நிலம் கொடுத்தவர்களுக்கு வேலை தருவார்கள், அதுவும் பெர்மனென்ட் என்று யாரோ சொன்னதை நம்பிக் காத்திருந்த காலம் அது. மீதிப் பாதியில் பெங்களூரில் ஒருவரிடம் அந்த வண்டியை வாங்கினார். இரண்டே பேர் உட்காரலாம். அவருக்கு மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். நான்கு பேரும் ஒன்றாக ஒரு நாளும் அதில் போக முடியாது. எதற்காக வாங்கினார் என்று ஊரே கேட்டது. நானும் ஒரு தடவை கேட்டேன்.

"அஞ்சாவது படிக்கும்போது என் கணக்கு நோட்டு அட்டையில இந்த வண்டி படம் இருந்துச்சுடா. அதயே பார்த்துகினு இருந்து கணக்குல கோட்ட வுட்டுட்டேன்" என்றார்.

அதற்கு மேல் பெரிய காரணம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

பெங்களூர்க்காரர் முன்பக்கம் நம்பர் மாட்டாமலேயே ஓட்டியிருந்தார். இவரும் மாட்டவில்லை. மாட்ட வேண்டுமென்றால் மூக்கில் ஓட்டை போட வேண்டும். "மூஞ்சியில ஆணி அடிக்கச் சொல்றியா?" என்பார். பின்னால் மட்டும் நம்பர் இருந்தது. சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் ரோடுகள் அகலமானவை, வழுவழுப்பானவை. காலை ஷிப்டுக்கு பஸ்கள் போய் முடிந்த பிறகு அங்கே போய் ஓட்டுவார். வேகத்தடை வந்தால் வண்டியைக் குறுக்காகத் திருப்பி ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவார். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் சைக்கிளில் சுற்றிக்கொண்டு சிரிப்பார்கள். டவுன்ஷிப் நுழைவாயில் ஆர்ச் பக்கத்தில் காவலுக்கு நிற்பவர் ஒரு நாள் விடாமல் நிறுத்துவார்.

"முன்னாடி நம்பர் எங்க சார்?"

"பின்னாடி இருக்குதுங்க."

"வண்டி பின்னாடியா வருது?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடும். ஆனால் ரோட்டில் நிற்கும் போலீஸ்காரர்கள் சிரிக்கமாட்டார்கள். அபராதச் சீட்டுகளை அவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பையில் போட்டு வைத்திருந்தார்.

இப்படி இரண்டு வருடம். பிறகு கையில் ஒன்றும் இல்லை. அவர் மனைவி பக்கத்து வீடுகளுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக் குடும்பம் ஓடியது. அந்தச் சமயத்தில் அவருடைய சிநேகிதர் ஒருவர் அனல் மின் நிலையச் சாம்பலில் செங்கல் செய்யும் பட்டறை போட்டிருந்தார். ஒரு சின்ன லோடு வண்டி வாங்கிக்கொண்டு வந்தால் தினமும் லோடு தருகிறேன், மாதக் கடைசி வரை இடத்தை உனக்காக வைத்திருக்கிறேன், அதற்கு மேல் முடியாது என்று சொல்லியிருந்தார். லோடு வண்டி வேண்டுமென்றால் இந்த வண்டியை விற்க வேண்டும். படம் எடுத்து போனில் போட்டார். ஒரு வாரம் யாரும் கேட்கவில்லை. பிறகு கேட்டவர்களும் பாதி விலைக்குக் கேட்டார்கள். கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் சரியான விலைக்கு வருகிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. அதை நான் ஸ்பீக்கரில் கேட்டேன்.

"ஏனுங்க தம்பி, உங்கூர்ல இருந்து எங்கூரு வந்து சேர்றதுக்குள்ள எத்தன எடத்துல நிறுத்துவாங்கன்னு தெரியுங்களா? எனக்கு வயசாச்சு, நடுரோட்டுல நின்னு பதில் சொல்லீட்டு இருக்க முடியாதுங்க. முன்னாடி நம்பர ஒழுங்கா மாட்டி வைங்க. ஞாயித்துக்கெழம வந்து ஓட்டிப் பார்த்துட்டு அப்படியே எடுத்துட்டுப் போயிடறனுங்க."

புதன்கிழமை காலையில் வண்டி கடைக்கு முன்னால் வந்து நின்றது. அவர் இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தினார்.

"டேய், அடிச்சுடுடா."

"எதுங்கண்ணே?"

"மூஞ்சியில ஆணி."

பிளேட்டை அழுத்தி எழுத்து எடுத்து வர அரை மணி நேரம் ஆனது. வெள்ளையில் கறுப்பு எழுத்து, நீளமான பிளேட். அதை வளைவில் வைத்துப் பார்த்தோம். அவர் நான்கு அடி தள்ளி நின்று, கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கல்யாண வீட்டில் போட்டோ எடுப்பவர் மாதிரி. அக்கா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, ரெண்டு பக்க டேப்பு இருக்குதே, அதுல ஒட்டிக் குடேன். அவரும் ஓட்ட போட யோசிக்கிறாரு. ஞாயித்துக்கெழம வரைக்கும் நின்னா போதாதா?"

"வுடுங்கக்கா. நம்ம ரோட்டுல டேப்பு நிக்குமா? கோயம்புத்தூரு போறதுக்குள்ள திட்டக்குடியிலயே வுழுந்துடும். அப்புறம் நம்ம கட பேருதான் கெடும்."

கடை பெயர் கெடும் என்று சொன்னவன் நான். அக்கா தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். தொழில் என்று வந்துவிட்டால் என் பேச்சைக் கேட்பார். அந்த மரியாதை எனக்கு வேறு எந்த ஊரிலும் கிடைத்ததில்லை.

டிரில்லைக் கையில் எடுத்துக்கொண்டு, "இந்த எடத்துக்குப் பின்னாடி இன்னா இருக்குதுண்ணே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லடா. இன்ஜினே பின்னாடிதான்."

முன்பக்க மூடியைத் திறந்து காட்டினார். இரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம். ஒரு ஸ்டெப்னி டயர், ஒரு துணிப்பை, பழைய பனியன் ஒன்று. இன்ஜினே இல்லாத இடத்தில் வேறு என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தார். வண்டி அவருடையது, தொழில் என்னுடையது. எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்கும், அப்படியானால் ரேடியேட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. காற்றுப் போகிற வாய் முன்னால்தானே இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் டிரில்லை வைத்தபோது அவர் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"முடிஞ்சுதாடா?"

"ஒண்ணு முடிஞ்சுதுண்ணே. இன்னும் மூணு."

"சீக்கிரம் முடி. பல்லு புடுங்குற எடத்துல நிக்கிற மாதிரி இருக்குது."

நான்கு ஓட்டை போட்டேன். புஷ் வைத்து ஸ்க்ரூவை இறக்கினேன். மூன்றாவது ஸ்க்ரூ கடைசி இரண்டு சுற்றில் கொஞ்சம் இறுகியது. உள்ளே எதிலோ போய் முட்டுகிற மாதிரி. பம்பருக்கு உள்ளே பிளாஸ்டிக் தடுப்பு ஏதாவது இருக்கும், அதில் பிடித்தால் இன்னும் பலம் என்று நினைத்து, மணிக்கட்டை ஊன்றி இன்னும் ஒரு சுற்றுக் கொடுத்தேன். அந்தச் சுற்று இப்போதும் என் கையில் இருக்கிறது.

அக்கா சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்து பிளேட்டின் இரண்டு ஓரத்திலும் வைத்தார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். அவர் தள்ளி நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பரவால்லடா. கண்ணாடி போட்ட வாத்தியாரு மாதிரி இருக்குது."

வியாழக்கிழமை ஆர்ச்சில் நின்றவர் அவரை நிறுத்தவில்லையாம். "இப்பதான் சார் வண்டி முன்னாடி வருது" என்று சொல்லிக் கையைக் காட்டி அனுப்பினாராம். அதைக் கடையில் வந்து சொல்லிச் சிரித்தார். அந்த நான்கு நாளும் அவர் அதிகமாக ஓட்டினார். இரண்டு வருடமாகப் போலீசுக்குப் பயந்து போகாத ரோட்டிலெல்லாம் போனார். சனிக்கிழமை வளையமாதேவிப் பக்கம் போய்விட்டு வந்தார். அந்த வழி முழுக்கக் குண்டும் குழியும்.

"போயி பார்த்துட்டு வந்தேன்டா. எங்க கழனி இருந்த எடம் எதுன்னு தெரியல. மோட்டாரு கொட்டாய வச்சு அடையாளம் பார்க்கலாம்னு போனா, அதயும் காணல. எல்லாம் மண்ணு மேடு. சரி, வண்டியாவது ஒரு தடவ அங்க போச்சே."

அவர் அங்கே போய்வந்த அந்த நேரம் முழுவதும் ஸ்க்ரூவின் கூர்முனை ரேடியேட்டரை ராவிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குழிக்கும் ஒரு ராவல். எங்கள் ரோட்டுக்காக நாங்கள் கண்டுபிடித்த ஸ்க்ரூ அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி கழுவ என்னைக் கூப்பிட்டிருந்தார். கழுவித் துடைத்து முடித்தபோது கோயம்புத்தூர்க்காரர் ஆட்டோவில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு ரெக்சின் பை, பார்த்தால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மாதிரி. வண்டியை மூன்று முறை சுற்றி வந்தார். குனிந்து முன்பக்கத்தைப் பார்த்தார். பிளேட்டைப் பிடித்து ஆட்டினார். அது அசையவில்லை.

"நம்பர அருமையா மாட்டியிருக்கீங்க. யாருங்க மாட்டுனது?"

"இவன்தாங்க. நம்ம பையன்."

"நல்ல கைங்க. இப்பல்லாம் எவனும் இப்படிச் சுத்தமா செய்யறதில்ல."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஈரத் துணியைப் பிழிந்ததையே மறுபடியும் பிழிந்துகொண்டிருந்தேன்.

இரண்டு பேரும் வண்டியில் ஏறிப் போனார்கள். அவர் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார். உள்ளே தையல் மிஷின் ஓடவில்லை. இருபது நிமிடம் கழித்து வண்டி திரும்பி வந்தபோது ஒரு வாசனை வந்தது. வெல்லப்பாகு தீய்கிற மாதிரி இனிப்பான வாசனை. வாங்க வந்தவர் இறங்கிச் சொன்னார்.

"சூட்டு முள்ளு மேல போகுதுங்களே தம்பி."

"ரொம்ப நாளா அதிகமா ஓட்டாத வண்டிங்க. ஆறட்டும். இன்னொரு ரவுண்டு போலாம்."

நான் முன்னால் குந்தி உட்கார்ந்து கீழே பார்த்தேன். பிளேட்டுக்குப் பின்னாலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. மூன்றாவது ஸ்க்ரூவுக்கு நேர் கீழே. விரலை நீட்டி ஒரு சொட்டை வாங்கினேன். பச்சை நிறத்தில் தண்ணீர். சுட்டது. போர்வெல் லாரியில் பத்து மாதம் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியவன் நான். அந்தத் தண்ணீர் எனக்குத் தெரியும்.

"இன்னாடா அது?" என்று அவர் மேலேயிருந்து கேட்டார்.

விரலை லுங்கியில் துடைத்தேன்.

"ஏசி தண்ணியா இருக்கும்ணே" என்றேன்.

மண்ணில் விழுந்துவிட்டால் எந்தத் தண்ணீருக்கும் ஒரே நிறம்தான். அதுவும் எங்கள் ஊர் மண்ணில், நிலக்கரித் தூசி படிந்த மண்ணில். அவர் நம்பினார்.

வாங்க வந்தவரை உள்ளே உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரம் எனக்குக் கிடைத்தது. நான் வாய் திறந்திருந்தால் போதும். பிளேட்டைக் கழற்றி, ரேடியேட்டரை இறக்கி, வடலூரில் பற்றுவைக்கும் ஆளை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டு வந்திருந்தால் சாயங்காலத்துக்குள் முடிந்திருக்கும். அந்தக் கோயம்புத்தூர்க்காரர் காத்திருந்திருப்பார். அப்படிப்பட்ட ஆள்தான். ஏன் சொல்லவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அக்கா என்னைக் கடையை விட்டு அனுப்பிவிடுவார் என்று பயம். முதல் தடவையாக ஒரு ஊரில் எனக்கென்று துணி காயப்போட ஒரு கொடி, ஒரு வாளி, ஒரு சாவி இருந்தது. அது ஒன்று. இன்னொன்றைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்த ஆள் என் கையை நல்ல கை என்று சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

வண்டிக்காரர் வெளியே வந்து பின்பக்கம் திறந்து தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். ஊற்ற ஊற்றக் குடித்தது. வாங்க வந்தவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, "நெறையாக் கொள்ளுதுங்களே" என்றார்.

"நானே ஓட்டறேன், நீங்க பக்கத்துல உக்காருங்க. நம்ம வண்டி எப்படின்னு காட்டறேன்" என்றார் அவர்.

வடலூர் ரோட்டில் போனார்கள். நான் வாசலிலேயே நின்றேன். வண்டி நின்றிருந்த இடத்தில் ஈரம் கையகலத்துக்கு இருந்தது. காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். அதையும் செய்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து ஒரு வேன் அந்த வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். சூட்டு முள் ஏறிய பிறகும், நிறுத்தினால் வாங்க மாட்டாரே என்று ஓட்டியிருக்கிறார். இன்ஜின் உள்ளே ஏதோ உடைகிற சத்தம் கேட்டதாம். அதன் பிறகு எத்தனை தடவை சாவியைத் திருப்பியும் ஒன்றும் இல்லை. வாங்க வந்தவர் பின்னால் ஆட்டோவில் வந்தார். இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்.

"தம்பி, கெட்டுப்போன வண்டிய என்ற தலையில கட்டப் பார்த்தீங்கன்னு சொல்ல மாட்டேனுங்க. உங்களுக்கே தெரியலைன்னுதான் நெனைக்கறேன். மனசு விட்றாதீங்க. வர்றனுங்க."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆட்டோ போனதும் அவர் வண்டியிலிருந்து இறங்கி, கதவைச் சாத்தினார். பிறகு என்னிடம், "போடா, போயி சாப்பிடு. மதியம் ஆயிடுச்சு" என்றார்.

நான் போய்ச் சாப்பிட்டேன்.

இன்ஜின் போய்விட்டது, சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வந்தாலும் வண்டி விலையைத் தாண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். மாதக் கடைசி வந்தது. செங்கல் பட்டறைக்காரர் வேறு லோடு வண்டி வைத்துக்கொண்டார். அதில் அவர்மேல் தப்பில்லை, சொன்ன நாள்வரை காத்திருந்தார். வண்டி வாடகை வீட்டு வாசலில் ஒரு நீலத் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. தார்ப்பாய் மேல் தூசி படிந்து கறுத்தது. அவர் ஒப்பந்த வேலைக்குப் போக ஆரம்பித்தார். நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடப்பதை மண்வாரியால் அள்ளிப் போடுகிற வேலை. கழனியில் என் அம்மாவுக்குக் கூலி கொடுத்த வீட்டுப் பிள்ளை. மஞ்சள் ஹெல்மெட்டும் ரப்பர் செருப்புமாகக் கடை வழியாகப் போவார். என்னைப் பார்த்தால் கையைத் தூக்குவார். நானும் தூக்குவேன். வேலையில் என் கை தப்பவில்லை. அதன் பிறகு வந்த இரண்டு மாதத்தில் நூறு பிளேட்டாவது மாட்டியிருப்பேன். எல்லாம் இரண்டு இன்ச்.

ஒரு நாள் காலை அவர் ஷிப்டுக்கு பஸ்ஸுக்காக டீக்கடையில் நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். டீ வந்தது. சொல்லிவிட்டேன்.

"அண்ணே, வண்டி போனது என்னாலதான். நான் போட்ட ஸ்க்ரூ ரேடியேட்டர்ல குத்திடுச்சு."

அவர் ஊதிக் குடித்தார்.

"தெரியும்டா. மெக்கானிக்கு கீழ படுத்து டார்ச்சு அடிச்ச அன்னிக்கே சொல்லிட்டான்."

"ஏங்கண்ணே என்ன ஒண்ணும் கேக்கல?"

"கேட்டு? நீ இன்னா, இன்ஜினு வாங்கிக் குடுப்பியா? நானுந்தான உன் பக்கத்துல நின்னு எட்டிப் பார்த்தேன். ஒண்ணும் இல்லன்னு சொன்னதே நான்தான்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதோடு விட்டிருந்தால் நான் இன்றைக்கும் மந்தாரக்குப்பத்தில் இருந்திருப்பேன். ஆனால் அவர் டீக் கிளாசைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு மறுபடியும் வண்டிய எடுக்கும்போது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஏசி தண்ணீர் என்று ஒரு தடவை சொன்னவன்தானே.

"தெரியும்ணே."

அவர் தலையை ஆட்டினார். கிளாசில் பாதி டீ மீதியிருந்தது. அதை எடுக்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். பஸ் வந்தது. படியில் கால் வைத்துக்கொண்டு திரும்பி, "வரட்டுங்களா" என்றார். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தடவைகூட என்னிடம் அப்படிப் பேசியதில்லை. கடைக்காரரிடம், கண்டக்டரிடம், முன்பின் தெரியாதவரிடம் பேசுகிற மாதிரி.

கடைக்கு வந்து அக்காவிடமும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அன்னிக்கே டேப்பு ஒட்டச் சொன்னேன்" என்றார். பிறகு, "அந்த டேங்கரு பிளேட்டு காஞ்சிருக்கும், எடுத்து மாட்டு" என்றார். அவ்வளவுதான். என்னை அனுப்புவது பற்றி அவர் நினைக்கவே இல்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். எந்தப் பயத்துக்காக வாயை மூடிக்கொண்டேனோ அந்தப் பயத்தில் ஒன்றுமே இல்லை. இதைத் தெரிந்துகொண்டபோதுதான் அங்கே இருக்க முடியாமல் போனது.

அடுத்த வாரம் கிளம்பிவிட்டேன். இப்போது ஓசூர்ப் பக்கம் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் ஒரு பட்டறையில் இருக்கிறேன். எவ்வளவு நாளோ தெரியாது.

கிளம்பின அன்று பஸ் வண்டிக்காரர் வீட்டுத் தெரு முனையில் கொஞ்சம் நின்றது. யாரோ உதிரி சாமான் வாங்குகிறவர் வந்துவிட்டுப் போயிருக்க வேண்டும். தார்ப்பாய் ஒரு பக்கம் விலகிக் கிடந்தது. நான்கு சக்கரமும் இல்லை, சீட்டுகள் இல்லை, விளக்குகளைப் பிடுங்கிய இடத்தில் ஒயர்கள் தொங்கின. வண்டியைச் சாம்பல் செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். முன்பக்கத்து நம்பரை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் யாருக்கும் உதவாது. சந்தனம் உதிர்ந்துபோய்க் குங்குமம் மட்டும் ஓரத்தில் இருந்தது. பிளேட் கொஞ்சமும் சாயாமல் நேராக நின்றது.